நம் கடை எந்த வகைப்பாட்டில் இருக்கிறது?
புறநகர் வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நிலப் பயன்பாட்டு விதிகளும் மன்ற நடவடிக்கைகளும்



கொள்முதல் விலை, விற்பனை விலை, எடை, இருப்பு, பாக்கி ஆகிய ஐந்தையும் நாம் விரல் நுனியில் வைத்திருக்கிறோம். அரிசி மூட்டைக்கு ஒரு ரூபாய் கூடினால் அன்று மாலைக்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் நாம் கடை வைத்திருக்கும் மனை அரசாங்க வரைபடத்தில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது. "இருபது வருஷமாக இங்கேதானே வியாபாரம் செய்கிறோம், யார் என்ன கேட்கப் போகிறார்கள்" என்று இருந்துவிடுகிறோம். கேட்கும் நாள் வரும்போது கடைக் கதவில் சீல் வைக்கப்பட்டிருக்கும்.

இந்த நிலை யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம். சட்டப் புத்தகத்தில் உள்ளதை அப்படியே எடுத்துப் போடாமல், ஒரு மளிகை வணிகருக்கும் ஒரு மொத்த வியாபாரிக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் வரிசையாகச் சொல்கிறோம். சென்னையைச் சுற்றியுள்ள புறநகர்களை முதன்மையாக வைத்துச் சொன்னாலும், அடிப்படை விதிகள் மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான்.

வகைப்பாடு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

ஊரை வீடுகளுக்கு ஒரு பகுதி, கடைகளுக்கு ஒரு பகுதி, ஆலைகளுக்கு ஒரு பகுதி என்று வரைபடத்தில் பிரித்து, அதற்குச் சட்ட வலிமை கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியதில் ஒரு சின்னப் புறநகருக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரை ஒட்டியிருக்கும் யூக்ளிட் என்ற ஊர்தான் அது. 1922 நவம்பரில் அவ்வூர் மன்றம் ஒரு துணைவிதி நிறைவேற்றி, ஊர் முழுவதையும் பயன்பாட்டு வாரியாகப் பிரித்தது. அங்கே 68 ஏக்கர் நிலம் வைத்திருந்த ஆம்ப்ளர் என்ற நில நிறுவனம் எதிர்த்து வழக்குப் போட்டது. ஆலைக்கு விற்றால் ஏக்கர் 10,000 டாலர் போகும் நிலம், வீட்டுமனை என்று எழுதப்பட்டதால் 2,500 டாலருக்கு இறங்கிவிட்டது என்பது அவர்கள் வாதம். 1926 நவம்பர் 22 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், ஊர் மன்றத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று. வரைபடத்தில் ஒரு கோடு மாறினால் நிலத்தின் விலை நாலில் ஒரு பங்காகலாம், நாலு மடங்காகவும் ஆகலாம். அந்தக் கோட்டை வரைபவர்கள் கூடும் இடத்தில் வணிகனுக்கும் வேலை இருக்கிறது.

நம் மாநிலச் சட்டம்

சென்னை மாகாணத்தில் 1920-லேயே நகரமைப்புச் சட்டம் ஒன்று இருந்தது. இன்று நடப்பில் இருப்பது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இதன் கீழ்தான் முழுமைத் திட்டங்கள் தயாராகின்றன. சென்னைப் பெருநகரப் பகுதிக்குச் சி.எம்.டி.ஏ. என்று நாம் சொல்லும் பெருநகர வளர்ச்சிக் குழுமமும், மற்ற பகுதிகளுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககமும் பொறுப்பு. கட்டிடங்களுக்கான விதிகள் 2019-இல் மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக்கப்பட்டன. அவை தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் எனப்படும்.

சென்னைக்கான முதல் முழுமைத் திட்டம் 1976-இல் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில் அரசால் ஒப்புதல் பெற்றது. அது 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு, 2026-ஐ இலக்கு ஆண்டாக வைத்துத் தயாரிக்கப்பட்டது. மூன்றாவது திட்டம் 2027 முதல் 2046 வரையிலான இருபது ஆண்டுகளுக்கானது. இதனிடையே 2022 அக்டோபரில் பெருநகரப் பகுதியின் எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. நேற்றுவரை "நாங்கள் கிராமம்" என்று சொல்லிக்கொண்டிருந்த பல ஊர்களின் கடைவீதிகள் இன்று பெருநகரக் கணக்கில் வந்துவிட்டன.

உள்ளாட்சி எல்லைகளும் மாறியிருக்கின்றன. 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் 42 உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டன. 2019-இல் ஆவடி மாநகராட்சியானது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. பேரூராட்சி அலுவலகத்தில் முகம் பார்த்து முடிந்த வேலை, மாநகராட்சியில் கோப்பு பார்த்துத்தான் முடியும். தாள்கள் சரியாக இல்லாத வணிகர் இந்த மாற்றத்தில்தான் சிக்குகிறார்.

வரைபடத்தின் நிறங்கள்

முழுமைத் திட்ட வரைபடத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணும் ஏதாவது ஒரு வகைப்பாட்டில் வைக்கப்பட்டிருக்கும். முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழிற்சாலை, அபாயகரமான தொழில், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, விவசாயம், நகர்ப்புறமல்லாத பகுதி என்று இவை பலவகை. பொதுவாக இந்திய நகரமைப்பு வரைபடங்களில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, பொது நிறுவனங்களுக்குச் சிவப்பு, விவசாயத்துக்குப் பச்சை என்ற முறை பின்பற்றப்படுகிறது.

முதன்மைக் குடியிருப்பு என்றால் கடையே கூடாது என்று பொருள் அல்ல. அன்றாடத் தேவைக்கான மளிகை, பால், செய்தித்தாள் விற்கும் சிறு கடைகளையும், ஒருவர் மட்டும் தைக்கும் தையற்கடையையும் விதிகள் அங்கே ஏற்கின்றன. தெருமுனைச் சில்லறைக் கடைக்கு இடம் உண்டு. ஆனால் அதே தெருவில் மூன்று மாடி பல்பொருள் அங்காடி எழுப்பினால் அது வேறு கணக்கு. கலப்புக் குடியிருப்பில் கூடுதலான வணிகத்துக்கு இடம் உண்டு. சாலையின் அகலம், கடையின் பரப்பு, வாகனம் நிறுத்தும் இடம், பக்கத் திறவிடம் ஆகியவற்றைப் பொறுத்து அனுமதி அமையும்.

மொத்த வியாபாரிகளுக்கும் கிடங்கு வைத்திருப்போருக்கும் இன்னும் கூடுதலான கவனம் தேவை. முன்பக்கம் சில்லறைக் கடை, பின்பக்கம் குடோன் என்பது நம் பழக்கம். சட்டத்தின் பார்வையில் இரண்டும் வெவ்வேறு பயன்பாடு. இரவில் லாரி வந்து சரக்கு இறங்கும்போது அக்கம்பக்கத்தார் கொடுக்கும் ஒரு புகார் மனு போதும், முழு இடத்தையும் அளந்து பார்க்க அதிகாரிகள் வந்துவிடுவார்கள்.

மொத்த வியாபாரம் எங்கே நடக்கலாம் என்பதையே அரசு முடிவு செய்ததற்குச் சிறந்த சாட்சி கோயம்பேடு. கொத்தவால்சாவடியில் தலைமுறைகளாக நடந்த காய்கனி மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டில், குறிப்பிட்ட பொருள்களின் மொத்தச் சந்தைகள் அமையும் இடத்தை ஒழுங்குபடுத்துவதற்கென்றே மாநிலச் சட்டம் ஒன்றும் வந்தது. மண்டிக்காரர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தொழிலின் முகவரியையே திட்டம் மாற்றிவிட்டது.

எந்த வேலை யார் கையில்?

வணிகர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. கவுன்சிலரிடம் போய் "என் மனையை வணிக மனையாக மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டால் அவரால் அது முடியாது. எது யார் அதிகாரம் என்பதைத் தெரிந்துகொண்டால் அலைச்சல் பாதி குறையும்.

நகராட்சி அல்லது மாநகராட்சி மன்றத்தின் கையில் இருப்பவை: தொழில் உரிமம், சொத்து வரி, தொழில் வரி, குப்பைக் கட்டணம், உள்ளாட்சிக்குச் சொந்தமான சந்தைகளும் கடைகளும், அவற்றின் வாடகையும் ஏலமும், வடிகால், தெருவிளக்கு. பெரும்பாலான சிறு கட்டிடங்களுக்கான அனுமதியும் உள்ளாட்சி அலுவலகம் வழியாகவே போகிறது.

திட்டக் குழுமத்தின் கையில் இருப்பவை: நிலப் பயன்பாட்டு வகைப்பாடு, அதில் செய்யும் மாற்றம், பெரிய கட்டிடங்களுக்கான திட்ட அனுமதி. வகைப்பாட்டு மாற்றம் கேட்டு ஒருவர் மனுச் செய்தால், நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபணையைக் கேட்டு, பிறகே முடிவு செய்கிறார்கள். முடிவு அரசிதழில் வந்தால்தான் செல்லும். அலுவலகத்தில் யாரோ வாய்மொழியாகச் சொன்னது செல்லாது.

நடைபாதை வியாபாரிகளின் விஷயம் தனி. 2014-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி நகர விற்பனைக் குழு அமைத்து, கணக்கெடுப்பு நடத்தி, விற்பனைக்கு உரிய இடம், விலக்கப்பட்ட இடம் என்று பிரிக்க வேண்டும். அவர்களை இடம் மாற்றுவதற்கு முன் 30 நாள் அறிவிப்புத் தர வேண்டும். நம் கடை வாசலில் தள்ளுவண்டி நிற்கிறது என்று புகார் செய்யும் முன், நம் கடையின் ஷட்டருக்கு வெளியே நாம் அடுக்கியிருக்கும் எண்ணெய் டின்களும் வெங்காய மூட்டைகளும் யாருடைய இடத்தில் இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நம்மிடையே உலவும் நான்கு தவறான நம்பிக்கைகள்

1. "வணிகக் கட்டிடம் என்றுதானே சொத்து வரி கட்டுகிறேன்." வரி என்பது கட்டிடம் எப்படிப் பயன்படுகிறதோ அதன்மேல் விதிக்கப்படுவது. அப்படிப் பயன்படுத்த அனுமதி உண்டா என்பது வேறு கேள்வி. வரி ரசீது திட்ட அனுமதி ஆகாது. 2022 ஏப்ரல் முதல் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது வணிகக் கட்டிடங்களுக்குச் சிறிய வீடுகளைவிட அதிக விகிதத்தில் உயர்ந்தது நமக்குத் தெரியும். அவ்வளவு கட்டியும் அந்த ரசீது நம் கட்டிடத்தின் விதிமீறலைச் சரி செய்யாது.

2. "கடைக்கான மின்கட்டண வீதத்தில்தான் கரண்ட் பில் வருகிறது." இதற்கும் மேலே சொன்ன பதிலே. மின்வாரியம் திட்டக் குழுமம் அல்ல.

3. "வீடாகக் கட்டியதுதான், இடிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை, ஷட்டர் மட்டும்தானே போட்டோம்." 1971 சட்டத்தில் "வளர்ச்சி" என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில், கட்டிடத்தின் அல்லது நிலத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதும் அடங்கும். ஒரு செங்கல் வைக்காமலேயே நாம் அனுமதி தேவைப்படும் வேலையைச் செய்தவர்களாகிவிடுகிறோம். 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட உடனடி அனுமதி கிடைக்கிறது. அது வீடுகளுக்கு மட்டுமே உரிய வசதி. அப்படி வாங்கிய அனுமதியில் கீழ்த்தளத்தைக் கடையாக்கினால், வாங்கிய அனுமதியே நமக்கு எதிரான சாட்சியாகும்.

4. "எனக்கென்ன, நான் வாடகைக்கு இருப்பவன், கேள்வி வந்தால் கட்டிடக்காரர் பார்த்துக்கொள்வார்." சீல் வைப்பது கதவுக்குத்தான். உள்ளே இருக்கும் சரக்கு யாருடையது என்று அது பார்க்காது. கட்டிடக்காரருக்குப் போவது ஒரு மாத வாடகை. நமக்குப் போவது பருப்பும் மாவும், பண்டிகைக் காலச் சரக்கும், வாடிக்கையாளரும், கொடுத்த அட்வான்ஸும்.

வட நாட்டில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள்

2006 பிப்ரவரி 16 அன்று, டில்லியில் குடியிருப்புப் பகுதிகளில் நடக்கும் வணிக நிறுவனங்களைச் சீல் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பல்லாண்டுகளாக அதிகாரிகள் கண்டும் காணாமலும் விட்டிருந்த கடைகள் அவை. ஆயிரக்கணக்கான வணிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். கடையடைப்பு நடந்தது. செப்டம்பரில் போராட்டத்தின்போது உயிரிழப்பும் நேர்ந்தது. இடையில் 2,183 சாலைகளில் வணிகத்துக்கு இடமளித்து அறிவிக்கை வந்தது. 2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட டில்லி முழுமைத் திட்டத்தில் கலப்புப் பயன்பாட்டுத் தெருக்கள் என்ற பிரிவு விரிவாகச் சேர்க்கப்பட்டது. குடியிருப்புக் கட்டிடத்தின் தரைத்தளத்தில் 20 சதுர மீட்டர் வரையிலான சிறு கடைகளுக்கு, மளிகை, காய்கனி போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு, வழி செய்யப்பட்டது. திட்டம் எழுதும்போதே கேட்டிருக்க வேண்டியதை, கடைகள் மூடப்பட்ட பிறகு போராடி வாங்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி அண்மையது. உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகரின் சாஸ்திரி நகர் குடியிருப்புத் திட்டத்தில், வீட்டுக்கென ஒதுக்கப்பட்ட மனை ஒன்றில் கடைகள் கட்டி விற்கப்பட்டன. விலை கொடுத்து வாங்கியவர்கள் பல ஆண்டுகள் வியாபாரமும் செய்தார்கள். 2014-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, காலி செய்ய மூன்று மாதம் கொடுத்தது. அதிகாரிகள் தாமதித்தார்கள், பணம் செலவழித்துவிட்டோம், நெடுநாளாக இருக்கிறோம் என்ற காரணங்கள் எதுவும் விதிமீறலைக் காப்பாற்றாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்தத் தீர்ப்பில் நாடு முழுவதற்குமாகச் சில கட்டளைகளும் உண்டு. அனுமதியற்ற கட்டிடத்தில், அது குடியிருப்பாயினும் வணிகக் கட்டிடமாயினும், தொழில் நடத்த எந்த உள்ளாட்சியும் உரிமம் தரக் கூடாது. பணி நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் அந்தக் கட்டிடத்தின்மேல் கடன் தர வேண்டும். ஆக, கட்டிடத்தில் குறை இருந்தால் இனி உரிமமும் கடனும் சேர்ந்தே நிற்கும். நம் ஊரிலும் 2011 அக்டோபர் இறுதியில் தியாகராய நகரில் பெரிய கடைகள் பல சீல் வைக்கப்பட்டதை நாம் பார்த்திருக்கிறோம். பெரிய கடைகள் வழக்கு நடத்தித் தாக்குப்பிடிக்கும். ஒரு ஷட்டர் வைத்திருக்கும் மளிகைக் கடை தாங்காது.

"வரன்முறைப்படுத்தும் திட்டம் வரும், பணம் கட்டிச் சரி செய்துகொள்ளலாம்" என்று சிலர் காத்திருக்கிறார்கள். நம் மாநிலச் சட்டத்தில் அதற்காகச் சேர்க்கப்பட்ட 113-சி பிரிவு, 2007 ஜூலை 1 வரை கட்டப்பட்ட கட்டிடங்களுக்கே உரியது. வராத திட்டத்தை நம்பி வாங்கும் கட்டிடம், எடை போடாமல் வாங்கும் சரக்கைப் போன்றது.

பழைய கடைகளுக்கு உள்ள பாதுகாப்பு

எல்லாம் பயமுறுத்தும் செய்தி அல்ல. 1971 சட்டத்தின் 47-ஆம் பிரிவு, திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அதற்கு முரணாக நிலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. திட்டம் வந்த நாளில் ஒரு நிலம் எந்த நோக்கத்துக்கு, எந்த அளவுக்குப் பயன்பட்டு வந்ததோ, அந்த அளவுக்கு அது தொடர, திட்டத்தில் சொல்லப்படும் கால அளவுக்கும் நிபந்தனைக்கும் உட்பட்டு, இடமளிக்கலாம்.

இதில் இரண்டு சொற்கள் முக்கியம்: "அந்த நாளில்", "அந்த அளவுக்கு". நம் கடை அந்த நாளுக்கு முன்பே இருந்தது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். பழைய தொழில் உரிமம், விற்பனை வரிப் பதிவு, எடைக்கல் முத்திரைச் சான்று, பழைய வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு அட்டை, தொழில் வரி ரசீது இவை எல்லாம் சாட்சிகள். மேலே சொன்ன வரி ரசீது அனுமதி ஆகாது என்பது உண்மை. ஆனால் கடை எந்த ஆண்டு முதல் நடக்கிறது என்பதற்கு அது சாட்சியாகும். ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்கிறோம் என்று பழைய தாள்களைக் கடலை மடிக்கப் போட்டுவிடாதீர்கள். அளவு என்ற சொல்லும் அப்படியே. பத்துக்குப் பத்து அடிக் கடைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, பின்னாளில் சேர்த்த மாடிக்கும் குடோனுக்கும் கிடைக்காது.

மன்றத்தில் நம் குரல்

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அதற்கு முன் பல ஆண்டுகள் தனி அலுவலர்கள் கையில் இருந்தன. தனி அலுவலர் காலத்தில் தீர்மானம் அறைக்குள் முடிந்தது. மன்றம் இருக்கும்போது பொருள் நிரல் வெளியே வருகிறது. அதை வாங்கிப் படிக்கும் வணிகர்கள் எத்தனை பேர்?

மன்றக் கூட்டம் பொதுவாக மாதம் ஒருமுறை நடக்கும். சந்தை இடிப்பு, கடை வாடகை மறுநிர்ணயம், சாலை அகலப்படுத்தல், ஒருவழிப் பாதை, வாகன நிறுத்தக் கட்டணம் என்று நம் வயிற்றோடு தொடர்புள்ள பொருள்கள் அதில்தான் வருகின்றன. வார்டு அளவில் பகுதி சபைகளும் உண்டு. 2022 நவம்பர் 1 அன்று அவை மாநிலத்தில் முதன்முறையாகக் கூட்டப்பட்டன. அங்கே வார்டு வாக்காளர் எவரும் பேசலாம். கடை ஒரு வார்டிலும் வீடு ஒரு வார்டிலும் இருப்பவர்கள், கடை இருக்கும் வார்டின் வாக்காளர்களான தம் வாடிக்கையாளர்களை அழைத்துச் செல்லலாம்.

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது, ஆட்சேபணையும் ஆலோசனையும் தெரிவிக்கச் சட்டப்படி இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தரப்பட வேண்டும். இருபது ஆண்டுகளுக்கான தலையெழுத்து அந்த இரண்டு மாதத்தில் எழுதப்படுகிறது. அப்போது நாம் அனுப்பும் மனு எப்படி இருக்க வேண்டும்?

முதலாவது, அது எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்புகைச் சீட்டோ பதிவுத் தபால் ரசீதோ கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கிராமத்தின் பெயர், சர்வே எண், தெருவின் பெயர், சாலை அகலம் ஆகியவை இருக்க வேண்டும். "எங்கள் பஜாரை வணிகப் பகுதியாக்குங்கள்" என்று மட்டும் எழுதினால் அதிகாரி எந்தக் கோட்டை மாற்றுவார்?

மூன்றாவது, தெருவில் உள்ள மொத்தக் கட்டிடங்கள் எத்தனை, அவற்றில் கடைகள் எத்தனை, எந்த ஆண்டு முதல் என்ற பட்டியல் இணைக்க வேண்டும். டில்லி அனுபவத்தில் அரசு திரும்பிப் பார்த்தது தெருக் கணக்கைத்தான்.

நான்காவது, குடியிருப்போரின் குறைக்கும் பதில் சொல்ல வேண்டும். சரக்கு லாரி எந்த நேரத்தில் வரும், வாடிக்கையாளர் வண்டி எங்கே நிற்கும், குப்பை எப்படிப் போகும் என்று நாமே எழுதிக் கொடுத்தால் ஆட்சேபணை பாதி கரையும்.

கடை பிடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கடை வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் பின்வருவனவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

அ. சர்வே எண்ணின் வகைப்பாடு. பெருநகரப் பகுதியில் கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்துத் திட்டக் குழுமத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். எழுத்தில் வேண்டுமானால் அலுவலகத்தில் கேட்கலாம்.

ஆ. அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகல். அதில் நம் கடை இருக்கும் இடத்தில் "கடை" என்று எழுதியிருக்கிறதா, "வாகன நிறுத்தம்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கார் நிறுத்தும் இடத்தைக் கடையாகத் தடுத்து வாடகைக்கு விடுவது புறநகரில் சர்வ சாதாரணம். முதலில் சீல் விழுவதும் அங்கேதான்.

இ. தேவைப்படும் கட்டிடமானால் பணி நிறைவுச் சான்றிதழ்.

ஈ. சாலை விரிவாக்கத்தில் இடம் போகிறதா என்ற விவரம்.

உ. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி: கட்டிட அனுமதிக் குறையால் கடை மூடப்பட்டால் அட்வான்ஸ் முழுவதையும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், மூடிய நாள்களுக்கு வாடகை இல்லை. இதை எழுத மறுக்கும் கட்டிடக்காரரிடம் ஏன் என்று கேளுங்கள். பதிலிலேயே உண்மை தெரிந்துவிடும்.

கேட்டும் தாள் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். மன்றத் தீர்மான நகலும் இவ்வழியில் வாங்கலாம்.

நோட்டீஸ் வந்துவிட்டால்

வந்த நாளை நோட்டீஸின் மேலேயே எழுதி வையுங்கள். அவகாசம் அன்றிலிருந்து ஓடுகிறது. வாங்க மறுத்து அனுப்பிவிடுவது புத்திசாலித்தனம் அல்ல. சுவரில் ஒட்டிவிட்டுப் போனாலும் அது சார்பு செய்யப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன குறை என்று பாருங்கள். உரிமம் புதுப்பிக்காத குறையானால் கட்டணம் கட்டித் தீர்க்கலாம். பயன்பாட்டு முரண் என்றால் வழக்கறிஞரையும் பதிவு பெற்ற கட்டிடப் பொறியாளரையும் பாருங்கள். மேல்முறையீட்டுக்குச் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் காலக்கெடு குறுகியது.

இடிப்பு நடவடிக்கைக்கு முன் குறைந்தது 15 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று நெறிமுறை வகுத்திருக்கிறது. பொதுச் சாலை, நடைபாதை, நீர்நிலை ஆகியவற்றில் உள்ள ஆக்கிரமிப்புக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்ன இடத்துக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. கிடைக்கும் நாள்களில் முதல் வேலையாகச் சரக்கின் இருப்புப் பட்டியலை எடுத்து, கெட்டுப்போகும் பொருளை வேறிடம் மாற்றிவிடுங்கள்.

கிளைச் சங்கங்கள் செய்ய வேண்டியது

தனி வணிகர் ஒருவர் வரைபடத்தைத் தேடி அலைவது கடினம். ஆகவே ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் கடைவீதியின் வகைப்பாட்டு வரைபடத்தை வாங்கிச் சங்க அலுவலகச் சுவரில் மாட்டி வைக்க வேண்டும். மாதந்தோறும் மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலைப் படிக்க ஓர் உறுப்பினரைப் பொறுப்பாக்க வேண்டும். கடைத் தாள்களைச் சரிபார்க்க ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். புதுக் கணக்கு போடும் வாரம் அதற்கு ஏற்றது. தாள் குறைந்த கடைகளின் பட்டியலை எடுத்து, எவை அனுமதி வாங்கக் கூடியவை, எவை வகைப்பாட்டு மாற்றம் கேட்க வேண்டியவை, எவை வேறிடம் பார்க்க வேண்டியவை என்று மூன்றாகப் பிரித்தால் வேலை பாதி முடிந்தது.

வரைவுத் திட்டம் வெளியாகும் நாளில் நம் தெருவின் கணக்கு நம் கையில் தயாராக இருக்கட்டும். இந்த இதழைப் படித்து முடித்ததும், நம் கடையின் சர்வே எண்ணை ஒரு தாளில் எழுதி கல்லாவில் ஒட்டிக்கொள்வோம். எண் தெரியாதவர்கள் நாளைக் காலையே கட்டிடக்காரரிடம் கேட்போம்.